பின்பக்க வளைவு

செம்மேட்டுப்புதூரில் மரம் துக்கத்துக்கு வளைந்தது புரட்டாசி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, வெயில் ஏறிவிட்ட பதினோரு மணிக்கு. அதற்கு முந்தைய பதினெட்டு நாளும் அது எதற்கும் வளையவில்லை. நாச்சிமுத்து கோணிச்சாக்கை வெந்நீரில் நனைத்துப் பிளைவுட்டின் மேல் போர்த்திப் பார்த்தார், பலகையின் உள்முகத்தில் விரலிடை விட்டு ரம்பத்தால் பாதி ஆழத்துக்குக் கீறல் போட்டுப் பார்த்தார், லாரிக்காரர்கள் சரக்கு கட்டும் பட்டை நாடாவை இரண்டு முனையிலும் மாட்டித் தினம் ஒரு சுற்று இறுக்கிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் பாதி வளைவு வந்ததும் பலகை படீரென்று முதுகொடியும், வேப்பமரத்துக் காக்கைகள் அத்தனையும் எழுந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி வந்து உட்காரும்.

நாச்சிமுத்து கரூர்ப் பக்கம் பஸ்ஸுக்குப் பாடி கட்டும் பட்டறையொன்றில் இருபத்தாறு வருஷம் தகடு போர்த்தியவர். கூண்டு ஒருவர் கட்டுவார், சீட்டு ஒருவர் போடுவார், பெயிண்ட் ஒருவர் அடிப்பார். கூண்டின் மேல் அலுமினியத் தகட்டைத் தோல் மாதிரி இழுத்துப் போர்த்தி ரிவெட் அடிப்பது அவர் வேலை. போன வருஷம் ஐப்பசியில், ஒரு மழைநாள் மத்தியானம், நூல்மில்லுக்கு ஆள் ஏற்றிப்போன வேன் வாய்க்கால் பாலத்தில் சறுக்கித் தண்ணீருக்குள் விழுந்து, ஊரின் பதினோரு பெண்பிள்ளைகள் அதற்குள்ளேயே மூழ்கிப்போனார்கள். அவர்களில் ஒருத்தி மோகனப்பிரியா, நாச்சிமுத்துவுக்கும் துளசிமணிக்கும் ஒரே மகள், பத்தொன்பது வயது. அதற்குப் பிறகு நாச்சிமுத்து பட்டறைப் பக்கம் போகவில்லை. வீட்டுக்குப் பின்னால் இருந்த காலியிடத்தில், முட்டையை நெடுக்காகப் பாதி வெட்டிக் கவிழ்த்து வைத்த மாதிரி, ஒரு மூலைகூட இல்லாத, இரண்டு பேர் படுக்கிற அளவுக்குச் சின்னதான ஒரு அறையை இரண்டு சக்கரத்தின் மேல் கட்ட ஆரம்பித்தார்.

“எதுக்குங்க இது?” என்று துளசிமணி கேட்டாள்.

“ஜீப்புக்குப் பின்னாடி மாட்டி இழுத்துட்டுப் போற வீடு. நம்ம ரெண்டு பேரும் இதுல ஏறி எங்கியாச்சும் போயிரலாம்.”

“கேஸ் முடியாம நான் எங்கியும் வர்றதா இல்லீங்க.”

பதினோரு வீட்டாரும் சேர்ந்து மில்லின் மேல் போட்டிருந்த கேஸ் ஒரே ஒரு கேள்வியில் நின்றுகொண்டிருந்தது. வேனில் பின்பக்கம் அவசரக் கதவு இருந்தது, பிள்ளைகள்தான் பதற்றத்தில் திறக்கவில்லை என்றது மில். கதவே இல்லை, அதை எடுத்துவிட்டுத் தகடு வைத்து அடைத்துக் கூடுதலாக இரண்டு சீட்டு போட்டிருந்தார்கள், பிள்ளைகளே வீட்டில் வந்து பலதடவை சொல்லியிருக்கிறார்கள் என்றார்கள் பதினோரு அம்மாக்களும். வேனைப் பார்க்கலாமென்றால் வேன் இல்லை; விழுந்த இருபதாம் நாள் அது துண்டுதுண்டாக நறுக்கப்பட்டுப் பழைய இரும்புக்குப் போய்விட்டது. அதனால் அந்தப் பதினோரு வீட்டு வாய்தான் சாட்சி. அவர்களுடைய வக்கீல் எஸ்தர் ஒருநாள் துளசிமணியின் வீட்டுக்கே வந்து, “அந்தத் தகட்டை அடிச்சவன் ஒருத்தன் எங்கியோ இருப்பான்மா. அவன் ஒருத்தன் கிடைச்சாப் போதும், மத்ததை நான் பாத்துக்குவேன்” என்று சொன்னபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாச்சிமுத்து மாட்டுக்குத் தண்ணி காட்டவேண்டும் என்று எழுந்து போனார். அவர்களிடம் மாடு எதுவும் இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டு ருக்குமணி சொம்பில் மோர் கொண்டுவந்தாள். அவளுடைய ஜீவிதாவும் அந்தப் பதினோரு பேரில் ஒருத்தி. துளசிமணி கடைக்குப் போயிருந்ததால், சட்டங்களின் மேல் கிடத்தியிருந்த பலகையில் தோளைச் சாய்த்துக்கொண்டு, யாரிடமென்றில்லாமல் ருக்குமணி பேச ஆரம்பித்தாள். “அன்னிக்குத் தோசை கேட்டாண்ணா. மாவு இல்லைன்னு பழைய சோத்தைப் போட்டேன். மாவு இருந்துச்சு. சாயந்திரத்துக்கு வேணும்னு வெச்சிருந்தேன். மூஞ்சியைத் தூக்கி வெச்சுட்டு அரை வயித்தோட போனா...” அவள் சொல்லச்சொல்ல, பூனை தூக்கத்தில் சுருண்டு கொள்வது போல, சத்தமில்லாமல், அவசரமில்லாமல், பலகை அவள் தோளுக்குக் கீழே வளைந்து வளைந்து போய்ச் சட்டங்களின் மேல் படிந்து உட்கார்ந்தது. நாச்சிமுத்து பார்த்தார். “அப்படியே இரும்மா, அசையாத” என்று சொல்லிவிட்டு ஓடிப்போய்த் திருகாணிகளை எடுத்துவந்து வரிசையாக முடுக்கினார். ருக்குமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “என்னமோ லேசா இருக்குதுண்ணா” என்றாள்; கொண்டுவந்த மோரைத் தானே குடித்துவிட்டு, வெறும் சொம்பை ஆட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

இதை ஊர் அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. மரமென்றால் ஒருகாலத்தில் காற்றையும் மழையையும் கேட்டுக்கொண்டு நின்றதுதானே, மனுஷப் பேச்சையும் கேட்கும் என்று பூசாரி சொன்னார், அதோடு அந்தக் கேள்வி முடிந்தது. இரண்டாம் நாள் மூன்று பேர் வந்தார்கள், நான்காம் நாள் இருபது பேர், அடுத்த வாரம் முதல் பெண்களுக்குக் காலை என்றும் ஆண்களுக்குச் சாயங்காலம் என்றும் பஞ்சாயத்தில் முறை வைத்துக் கொடுத்து, வெயிலுக்குத் தார்ப்பாய் கட்டி, வரிசையில் நிற்பவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர்த் தொட்டியும் வைத்தார்கள். எந்தத் துக்கத்துக்கு மரம் எவ்வளவு வளையும் என்பது சீக்கிரத்திலேயே சின்னப்பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்துபோனது: ஆடு செத்ததற்கு அது அசையாது, போர்வெல் ஐந்நூறு அடியிலும் தண்ணீரில்லாமல் புகை கிளப்பியதற்கு நகக்கண்ணளவு அசையும், கத்தாரிலிருந்து போன் பண்ணாத மகனுக்கு ஒரு விரற்கடை, கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து திரும்பி வந்த பெண்ணுக்கு நான்கு விரற்கடை, பாதியில் நிறுத்திய துக்கத்தை எடுத்துக்கொள்ளாது, பொய்த் துக்கத்துக்கு எதிர்ப்பக்கம் விறைத்துக்கொள்ளும். பொய் சொன்ன இரண்டு பேரை மரமே காட்டிக்கொடுத்துவிட்டதால் அதற்குப் பிறகு யாரும் பொய் சொல்லவில்லை. சொல்லிவிட்டுப் போனவர்களுக்குத் தூக்கம் வந்தது, பசி எடுத்தது. ஊசி போட வரும் நர்ஸ், இந்த ஊரில் மட்டும் எல்லோருக்கும் பிரஷர் இறங்கியிருக்கிறதே என்று நோட்டில் இரண்டுமுறை சரிபார்த்தாள்.

நாச்சிமுத்து காலையில் வளைந்த பலகையின் மேல் மறுநாளே தகடு போர்த்திவிடுவார். ரப்பர் பசையைத் தடவி, தகட்டின் நடுவை முதலில் பதித்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் நீவி நீவி, காற்றுக் குமிழி இல்லாமல் விரட்டிக்கொண்டே வருவார். ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் நடுவில் தகடு தொப்பை போட்டுவிடும் என்பார். வெயிலில் தகடு நீளும் என்பதால் ஓட்டையை ரிவெட்டைவிடத் துளி பெரிதாகப் போடுவார். ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் வளைகிற இடத்தில் தகட்டைப் பூவிதழ் போல நறுக்கி, மேல் இதழ் கீழ் இதழின் மேல் ஏறும்படி, மழைத்தண்ணீர் உள்ளே புகாமல் வழிந்து போகும்படி அடுக்குவார். இப்படி ஊரின் துக்கம் ஒவ்வொன்றாக உள்ளே போய், மேலே தகடு மூடி, வெயிலில் பளபளவென்று மின்னியது.

வரிசையில் நிற்காத ஒரே ஆள் துளசிமணி. “நீயும் ஒரு வார்த்தை சொல்லீரு அக்கா, நெஞ்சு விட்டுப்போகும்” என்று ருக்குமணி கூப்பிட்டபோது, “விட்டுப் போயிருச்சுன்னா அப்பறம் எனக்கு என்ன இருக்குது?” என்றாள்.

ஐப்பசியில் பிள்ளைகளுக்கு வருஷம் திரும்பியது. வாய்க்கால் பாலத்தில் பதினோரு படம் வைத்து மாலை போட்டுக் கும்பிடுவதாக முன்னமே பேசியிருந்தார்கள். துளசிமணி காலையிலேயே போய்ப் பாலத்தைக் கூட்டித் தண்ணீர் தெளித்துவிட்டுக் காத்திருந்தாள். யாரும் வரவில்லை. வெயில் உச்சிக்கு வந்தபிறகு எழுந்து நேராக ருக்குமணி வீட்டுக்குப் போனாள். ருக்குமணி முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டு பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா, இன்னிக்கு என்ன நாளுன்னு தெரியாதா? ஜீவிதாவுக்கு மாலை போட வரலையா?”

“எந்த ஜீவிதாக்கா?”

துளசிமணி விளையாட்டு என்று நினைத்தாள். ருக்குமணியின் முகம் விளையாட்டாக இல்லை, கழுவி வைத்த தட்டு மாதிரி இருந்தது. சுவரில் படம் மாட்டியிருந்த ஆணியில் இப்போது காலண்டர் தொங்கியது. துளசிமணி மற்ற ஒன்பது வீட்டுக்கும் போனாள். ஒரு வீட்டில் மகளின் சுடிதார்களை எடுத்து ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு வீட்டில், ரேஷன் கார்டில் பெயர் இருக்கிறதே என்று காட்டியபோது, “அதுங்களா, கம்ப்யூட்டர்ல தப்பா ஏத்திட்டாங்க” என்றார்கள். எல்லோரும் அவளை உட்காரச் சொன்னார்கள், காப்பி கொடுத்தார்கள். அவ்வளவு சந்தோஷமான பத்து வீட்டை அந்த ஊரில் யாரும் அதுவரை பார்த்ததில்லை.

அவள் திரும்பிவந்து நாச்சிமுத்துவின் கையிலிருந்து ரிவெட் துப்பாக்கியைப் பிடுங்கினாள். “நிறுத்துங்க இதை. துக்கத்தை மட்டும் எடுக்கலை இது, ஆளையே எடுக்குது. ஆரு சாட்சி சொல்லுவாங்க இனி?”

அவர் கீழே சிதறிய ரிவெட்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போட்டார். “அவங்க நல்லாத் தூங்கறாங்க துளசி” என்றார் கடைசியில். “நானும் தூங்கி ஒரு வருசம் ஆச்சு.”

அன்றோடு தார்ப்பாயைப் பிரித்து ஆட்களை அனுப்பிவிட்டார். ஆனால் ஒரு பலகை பாக்கி இருந்தது. பின்பக்க வளைவு. மேல்கூரை சரிந்து இறங்கித் தரையை நோக்கி உள்ளே மடிகிற இடம், முழு வண்டியிலும் அதுதான் இறுக்கமான வளைவு. ஊரில் இருந்த பெரிய பெரிய துக்கங்களையெல்லாம் அதனிடம் சொல்லிப் பார்த்தாகிவிட்டது, அது பலகையாகவே கிடந்தது. நாச்சிமுத்து தினமும் அதன் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டு எழுந்து வருவார்.

கார்த்திகையில் ஒருநாள் மத்தியானம் துளசிமணி தண்ணீர்க் குடத்தோடு வண்டியின் மறுபக்கம் வந்தபோது அவருடைய குரல் கேட்டது. அவர் பலகையில் நெற்றியை வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்.

“அது ஆடி மாசம். மில்லு சூப்பர்வைசர் வேனைக் கொண்டாந்தான். ‘சின்ன வேலைதாண்ணா, பின்கதவை எடுத்துட்டு அடைச்சிருங்க, ரெண்டு சீட்டு சேத்திப் போடோணும்’னான். எடுக்கக்கூடாதுன்னு எனக்குத் தெரியும். மத்தியானச் சோத்துக்கு முன்னாடி முடிச்சிட்டேன். ஒரே தகடு. நாப்பத்தாறு ரிவெட்டு. ஒண்ணுகூடக் கோணல் இல்லை.”

குடம் துளசிமணியின் இடுப்பில் கனத்தது. அதைக் கீழே போட்டிருந்தால், ஏனுங்க என்று ஒரு குரல் கொடுத்திருந்தால், அவர் அங்கேயே நிறுத்தியிருப்பார். மரம் பாதி கேட்டதை எடுத்துக்கொள்வதில்லை என்று ஊருக்கே தெரியும். அவள் வாயைத் திறக்கவும் செய்தாள். ஆனால் அடுத்தது என்ன என்று அவளுக்குக் கேட்கவேண்டியிருந்தது. ஒரு வருஷமாக அவள் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்குப் பதில் அந்தக் குரலில்தான் வந்துகொண்டிருந்தது.

“அப்பறம் மோகனா மில்லுக்குப் போறேன்னா. அந்த வண்டியிலயா போறேன்னு கேக்கோணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. கேட்டா கதவைப் பத்திச் சொல்லோணும். கேக்கலை. வண்டியைக் கயிறு கட்டி மேல தூக்கினப்போ நான் பின்னாடி போயித்தான் முதல்ல பாத்தேன். தகடு வெளியாண்ட புடைச்சிருந்துச்சு. உள்ள இருந்து உதைச்சிருக்குதுங்க. எல்லாரும் சேந்து உதைச்சிருக்குதுங்க. நாப்பத்தாறுல ஒரு ரிவெட்டு விட்டிருந்தாக்கூடப் போதும். ஒண்ணும் விடலை. அத்தனை நல்லா அடிச்சிருந்தேன்.”

பலகை வளைந்தது. ஒரு முனகல்கூட இல்லாமல், ஈரத்துணி கொடியில் மடிவது போல மடிந்து, சட்டத்தோடு சட்டமாகப் படிந்தது.

“துளசி! இங்க வந்து பாரு, உக்காந்திருச்சு!” நாச்சிமுத்து எழுந்து நின்று சிரித்தார். ஒரு வருஷம் கழித்துச் சிரித்த சிரிப்பு, அதில் பாதி வயது குறைந்திருந்தது. அவளிடமிருந்து குடத்தை வாங்கி அப்படியே அண்ணாந்து குடித்தார். சாப்பிட வீட்டுக்குள் வந்தவர் சுவரிலிருந்த படத்தின் முன் நின்று, மாலையைச் சரிசெய்துவிட்டு, “லட்சணமான புள்ள. உங்க சொந்தத்துல யாராச்சுமா?” என்று கேட்டார்.

“ஆமாங்க” என்றாள் துளசிமணி.

தை மாதம் விசாரணை வந்தது. துளசிமணி தான் கேட்டதையெல்லாம் எஸ்தரிடம் சொல்லியிருந்தாள். எஸ்தர் முதலில் நம்பவில்லை, பிறகு நாற்காலியை விட்டு எழுந்து நின்று நம்பினாள். பத்து அம்மாக்களும் பட்டுச்சேலை கட்டி, திருவிழாவுக்கு வந்தவர்கள் மாதிரி கோர்ட்டு வராந்தாவில் உட்கார்ந்து முறுக்கு பங்கிட்டுக்கொண்டார்கள். கூண்டில் ஏறிய ருக்குமணி, “எனக்கு ஒரு பையன்தானுங்க, பொண்ணு கிடையாதுங்களே” என்றாள், கூடவே, “இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்” என்றும் சொன்னாள். மற்ற ஒன்பது பேரும் அப்படியே சொல்ல, மில் வக்கீலுக்கே அடுத்து என்ன கேட்பது என்று தெரியவில்லை. கடைசியாக நாச்சிமுத்துவைக் கூப்பிட்டார்கள்.

“அந்த வேனோட பின்கதவை எடுத்துத் தகடு அடைச்சது நீங்கதானே?” என்றாள் எஸ்தர்.

“அம்மா, நான் இருபத்தாறு வருசம் இந்த வேலை பாத்தவனுங்க. அவசரக் கதவை அடைக்கக்கூடாதுன்னு எனக்குத் தெரியாதுங்களா? அந்தப் பாவத்தை நான் செய்வனுங்களா?” அவர் குரலில் ஒரு பொய் இல்லை. அவ்வளவு சுத்தமான குரலை அந்தக் கோர்ட்டு கேட்டு ரொம்ப நாளாகியிருக்க வேண்டும். நீதிபதி அவரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு எழுத ஆரம்பித்தார். துளசிமணி எழுந்து, தன் காதால் கேட்டதாகச் சொன்னாள். எங்கே கேட்டீர்கள் என்றார்கள். சொன்னாள். அன்று சாயங்காலத்துக்குள் கேஸ் தள்ளுபடியானது.

மறுநாள் காலை அவள் துளை போடும் மெஷினை எடுத்துக்கொண்டு வண்டியிடம் போனாள். ஒவ்வொரு ரிவெட்டின் தலையையும் துளைத்து எடுத்து, நகம் பிய்ந்து ரத்தம் வர வரத் தகடுகளை உரித்துக் கீழே போட்டாள். மத்தியானத்துக்குள் வண்டி வெறும் மரமாக நின்றது. ருக்குமணியைக் கையைப் பிடித்து இழுத்துவந்து, அவள் தோள் சாய்த்த இடத்தில் காதை வைக்கச் சொன்னாள்.

“ஏதாச்சும் கேக்குதா?”

“பசை வாசம்தாங்க்கா அடிக்குது.”

பத்துப் பேரையும் இழுத்துவந்தாள். பத்துப் பேரும் அவளுக்காகப் பொறுமையாகக் காதை வைத்துப் பார்த்துவிட்டு, சேலையில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டு போனார்கள். திருகாணிகளைக் கழற்றினால் மரம் பழையபடி நிமிரும், நிமிர்ந்தால் கொடுத்தது திரும்பிவரும் என்று நினைத்து அதையும் கழற்றினாள். பலகைகள் வளைந்தது வளைந்தபடியே, சோற்றுச் சட்டியின் உடைந்த ஓடுகள் மாதிரி, மண்ணில் கிடந்து ஆடின. நல்ல வேலையை இப்படிப் போட்டுக் கெடுத்துவிட்டாளே என்று வேலிக்கு வெளியே நின்றவர்கள் அங்கலாய்த்தார்கள். நாச்சிமுத்து அவளைத் திட்டவில்லை. கை கழுவத் தண்ணீர் மொண்டு கொடுத்தார், விரலில் மஞ்சள் வைத்துத் துணி சுற்றிவிட்டார். “விடு புள்ள. எனக்கு வேற என்ன வேலை, மறுபடி பூட்டிக்கறேன்” என்றார். அவர் எப்போதும் நல்ல மனுஷர்தான்.

மூன்றாம் நாள் மத்தியானம் அவர் சாப்பிட உட்கார்ந்தபோது துளசிமணி எதிரே உட்கார்ந்து, அவரிடமே சொல்ல ஆரம்பித்தாள். பெயர்களை மட்டும் சொல்லவில்லை. ஒரு ஊரில் தகடு போர்த்துகிற ஆள் ஒருவர் இருந்தார் என்றாள். சூப்பர்வைசர் வந்தது, கதவை எடுத்தது, நாற்பத்தாறு ரிவெட்டு, மகள் வேலைக்குப் போகிறேன் என்றது, அவர் கேட்காமல் விட்டது, வேனைக் கயிறு கட்டித் தூக்கியது, புடைத்திருந்த தகடு, எல்லாவற்றையும், அவர் சொன்ன அதே வரிசையில், ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். நடுவில் ஒருமுறைகூட அவள் அழவில்லை. சொல்லும்போது அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், எங்காவது ஒரு இடத்தில், ஒரு நரம்பாவது துடிக்காதா என்று.

நாச்சிமுத்துவின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. அவர் கண்ணில் தண்ணீர் கோத்து, இலையின் ஓரத்தில் சொட்டியது.

“ஐயோ பாவம்” என்றார். “அப்படியொரு காரியத்தைச் செஞ்சுட்டு ஒரு மனுசன் எப்படிம்மா சோறு திங்க முடியும்? அந்த ஆளு இன்னும் உசுரோட இருக்காரா?”

“இருக்காருங்க” என்று சொல்லி, அவள் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள்.